தோளில் ஏறும் வலி

உரும்பிராயிலிருந்து சகோதரி ஒருவர் எழுதுகிறார்: "சூலகக் கட்டிக்கு லப்பரஸ்கொப்பி ஒப்பரேஷன் செய்தார்கள். வயிற்றில் மூன்று சிறு துவாரங்கள்தான். ஆனால் மறுநாள் வலது தோளில் அப்படியொரு வலி. இருதயக் கோளாறோ என்று பயந்து போனேன். வாய்வு என்று சொல்லி மாமி ஓமத் தண்ணீர் தந்தா. கட்டிலை விட்டு இறங்கவும் விடவில்லை. இப்போது சுகம். அடுத்த மாதம் என் தங்கச்சிக்கும் இதே ஒப்பரேஷன். என்ன செய்வது?"

மாமியின் அன்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வாய்வு குடலில் இல்லை சகோதரி. உள்ளே தெளிவாகப் பார்ப்பதற்காக டொக்டர்கள் வயிற்றறைக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்புகிறார்கள். முடிவில் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்குரிய நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது. தோளின் நரம்புகளும் அதே இடத்திலிருந்தே வருகின்றன. மூளை ஏமாந்து, தோள்தான் வலிக்கிறது என்று எண்ணிவிடுகிறது! வாயு இரத்தத்தில் கரைந்து சுவாசத்தோடு வெளியேறிவிடும். வலியும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஓமத் தண்ணீர் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது.

வலி பொறுக்க முடியாமல் போகும்வரை மாத்திரைக்குக் காத்திருப்பதுதான் நம் பெண்கள் செய்யும் பெரிய தவறு. டொக்டர் எழுதித் தந்ததை முதல் இரண்டு மூன்று நாட்கள் நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். 500 மில்லிகிராம் பனடோல் என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. இபுபுரூபன் வகையைச் சாப்பாட்டுக்குப் பிறகே எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தோள் குத்தும்போது சற்று நேரம் மட்டமாகப் படுத்தால் இதமாக இருக்கும். தோளில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். ஆனால் நாள் முழுக்கப் படுக்கை வேண்டாம். அன்றே மெல்ல எழுந்து நடக்கட்டும். காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் குறையும். குனிவதும் ஸுஜூதும் சிரமமென்றால் கதிரையில் அமர்ந்து தொழலாம்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால், காய்ச்சல், விடாத வாந்தி, வயிறு உப்புதல், அதிக இரத்தப்போக்கு, சிறுநீர் போகாமை, கெண்டைக்கால் வீக்கம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு இறுகி மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் தங்கச்சியின் வயிற்றோடு அணைத்துப் பிடிக்க ஒரு சின்னத் தலையணை கொண்டு போங்கள். பலாலி வீதியில் ஆட்டோ குலுங்கும்போது உதவும். வீட்டில் இருமும்போதும் அதுவே கைகொடுக்கும்.