புருஷனுக்கு மட்டும் தெரியாத கடன்

நுண்கடன் பேச்சு வந்தாலே நம்ம லயங்கள்ல ஒரு வசனம் முந்திக்கும்: “புருஷனுக்குத் தெரியாம வாங்கிட்டாளே!”

நாங்க கேட்கிறோம், வேற யாருக்குத் தெரியாது? குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே குழுவுக்குத் தெரியும், வசூலுக்கு வருபவருக்குத் தெரியும், முழு லயத்துக்கும் தெரியும். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. சொன்னால் அடி விழும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வருகிறது.

கங்காணி காலத்துத் துண்டு முறையில், தாளில் எழுதிய கடனை அடைக்காமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. 1921இல் அது ஒழிந்தது. இன்றைய துண்டு, அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்த கடன் கொப்பி. 2018இல் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். 2024இல்தான் அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபா ஆனது. அதிலும் அரைப்பேர் விழுந்தால் எதைக் கட்டுவது?

அந்தக் கடனில் வாங்கின சப்பாத்தோடுதான் எங்களில் பலர் பள்ளிக்கூடம் போனோம். அதனால் அக்காமாரே, கொப்பியை வெளியே எடுங்க. அண்ணன்மாரே, “ஏன் வாங்கினே?” என்று கத்தாதீங்க. “இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று பக்கத்தில் உட்காருங்க. வீட்டுக்குள் மௌனம் இருக்கிறவரை லாபம் வசூல்காரனுக்குத்தான்.