வீடும் தொலைவும்

மாணவர்களே! உணவும் உடையும் போல உறைவிடமும் மனிதர்க்கு இன்றியமையாதது. வறியோர்க்கு வீடு வழங்குதல் அரசின் கடமை. அவ்வீடு எங்கு அமைகிறது என்பதும் எண்ணத்தக்கது.

தில்லியின் ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் 'மதராசி முகாம்' இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல்லாண்டுகள் அங்கு வாழ்ந்தன. வெள்ளத்தைத் தவிர்க்க வடிகாலைச் சீரமைக்க வேண்டியிருந்தமையால், நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்புகள் அகற்றப்பட்டன. தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்க்கு நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. நரேலாவோ 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஜங்புராவில் வீட்டுவேலை செய்யும் தாய், அங்கிருந்து எந்நேரம் புறப்படுவாள்? பழகிய பள்ளியைப் பிரிந்த பிள்ளை, தமிழை எங்கே தொடர்வான்?

மாற்று வழி உண்டு. அதே நகரின் கல்காஜியில், குடிசைப்பகுதியை ஒட்டியே கட்டப்பட்ட 3,024 வீடுகள் 2022 நவம்பரில் திறக்கப்பட்டன. அங்குக் குடியேறுவோர் தொழிலையும் பள்ளியையும் இழக்க வேண்டுவதில்லை.

நகர்நடுவே நிலத்தின் விலை மிகுதி என்பர். உண்மையே. ஆயினும், அரசு மிச்சப்படுத்தும் அத்தொகையை, ஏழை பேருந்துக் கட்டணமாகவும் இழந்த கூலியாகவும் நாள்தோறும் செலுத்துகிறான். எனவே, பிழைப்புக்கும் படிப்புக்கும் அருகிலேயே வீடு வழங்குவது முறை என்பது என் கருத்து.

உங்கள் கருத்து யாது? காரணம் காட்டி எழுதுக.