தலைக்காயமும் பிள்ளையின் நித்திரையும்

"மிஸ், இவன் இரவிரவாய் முழிச்சிருக்கிறான். என்ரை நித்திரைக் குளிசையிலை பாதி குடுக்கட்டோ?" விபத்தில் தலையில் காயப்பட்டு வீடு திரும்பிய ஒன்பது வயது மகனைப் பற்றி ஒரு தாய் என்னிடம் கேட்டார்.

வேண்டாம், சகோதரிகளே. உங்கள் குளிசையும் தடிமன் பாணியும் பிள்ளைக்கு ஆபத்தாகலாம். இது குழப்படியும் அல்ல, பேய்க்குணமும் அல்ல. நித்திரையை ஒழுங்குபடுத்துவது மூளைதான். அது காயப்பட்டால் இரவும் பகலும் மாறிப்போகலாம். தலையிடி, பயம், குடிக்கும் மருந்து என்பனவும் காரணமாகலாம்.

தினமும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். காலை வெளிச்சத்தில் இருத்துங்கள். பகலில் களைத்தால் சிறிது நேரம் படுக்கட்டும். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு வேண்டாம். மாலையில் தேநீரும் கைத்தொலைபேசியும் வேண்டாம். படுக்கும், எழும்பும் நேரங்களை இரண்டு கிழமைக்குக் கொப்பியில் குறித்து கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்து தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

எழுப்பியும் எழும்பாவிட்டால், திரும்பத்திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிவரும் தலையிடி இருந்தால் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

அந்தத் தாயும் கொப்பி எழுதினார். மகன் முழித்திருந்த இரவெல்லாம் தாயும் முழித்திருந்ததை அதில்தான் வைத்தியர் கண்டார். இப்போது கிழமையில் இரண்டு இரவு அம்மம்மா பேரனோடு படுக்கிறார். உங்கள் நித்திரையும் பிள்ளைக்கு மருந்துதான்.