மே 18க்கு ஃபிளெக்ஸ் வேண்டாம்

தோழர்களே, போன மே 18க்கு அடிச்ச ஃபிளெக்ஸ் பதாகை இன்னும் எங்கட கராஜில சுருண்டு கிடக்கு. ஆண்டு அச்சடிச்சதால திரும்பப் பாவிக்க ஏலாது. மக்காது. எரிச்சால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும்.

"மலிவு, மழைக்கும் தாங்கும்" எண்டு ஒவ்வொரு கூட்டத்திலயும் சொல்லுறம். யாருக்கு மலிவு? ஃபிளெக்ஸ் எண்டது பாலியெஸ்டர் வலையில பூசின பிவிசி. அதன் மூலப்பொருள் வினைல் குளோரைடு வாயு. அமெரிக்காவின் லூயிவில் நகரத்து பிவிசி ஆலையில் தொழிலாளர்கள் அரியதொரு ஈரல் புற்றுநோயால் அடுத்தடுத்துச் செத்த பிறகுதான், 1974இல், அந்த வாயுவின் ஆபத்து வெளியில் வந்தது. உழைப்பாளர் பக்கம் நிக்கிறம் எண்டதை அதே பிவிசியில எழுதிப் பிடிக்க எனக்குக் கூசுது.

பருத்தித் துணி, பெயின்ட், ஆண்டு எழுதாத வாசகம் போதும். மழையில நனைஞ்சா நனையட்டும், நாங்களும் நனையிறம்தானே. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வைக்கிறன். எதிர்க்கிற ஆக்கள் வந்து எதிருங்கோ.