கால் பொருத்தம்

நான் பி.காம். கரண்ட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பில் கட்டுவதோடு சரி.

அப்படிப்பட்ட நான், அப்பா பொக்கிஷமாக வைத்திருந்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் கை வைத்தேன். அதில் பவர் வால்வு ரெண்டு. பெயர் 6வி6. ஒன்று மண்டையைப் போட்டுவிட்டது. சென்னை ரிச்சி தெரு பூரா அலைந்தும் ஜோடி கிடைக்கவில்லை.

"6எல்6 இருக்கு சார். அதுக்கு அண்ணன்னு வெச்சுக்குங்க. அதே சாக்கெட்டுல உட்காரும்" என்றார் ஒரு கடைக்காரர்.

ரெண்டு வாங்கி வந்து சொருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பாட்டும் வந்தது! அப்பா முகத்தில் முப்பது வயசு குறைந்தது.

இருபதாவது நிமிஷம் தார் உருகுகிற வாசனை. 'ரோடு போடறாங்களோ?' என்று ஜன்னலை எட்டிப் பார்த்தேன். ஊஹும். ரோடு போட்டுக் கொண்டிருந்தது எங்கள் டிரான்ஸ்ஃபார்மர்!

பிளக்கைப் பிடுங்கி, ஆட்டோவில் அள்ளிப் போட்டு மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"ஏன் தம்பி, கால் பொருந்தினா கல்யாணமா?" என்றார். "6வி6 ஃபிலமெண்ட்டுக்கு 0.45 ஆம்பியர் போதும். 6எல்6 அதுல டபுள், 0.9 இழுக்கும். ரெண்டுக்கும் சேர்த்து 1.8. பாவம், டிரான்ஸ்ஃபார்மர் எங்கே போகும்?"

வரவு அதே, செலவு மட்டும் டபுள். இதைத்தான் காலேஜில் மூணு வருஷம் படித்தேன்!

பெட்டியைக் கவிழ்த்து ஒரு வயரைத் தொடப் போனேன். கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"பிளக்கைத்தான் பிடுங்கிட்டேனே அண்ணே!"

"பிளக் வெளியே. 300 வோல்ட் கண்டென்சர்ல உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆளையே தூக்கிடும்."

ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் அவரே கை வைத்தார்.

"பேர் ரெண்டு, ஆள் ஒண்ணுன்னு சில வால்வு உண்டு. இஎல்84ன்னு ஐரோப்பாவுல சொல்றதுக்கு அமெரிக்காவுல பேரு 6பிக்யூ5. தாராளமா மாத்தலாம். ஆனா 6எல்6 இடத்துல இஎல்34 போட்டா, அது 1.5 ஆம்பியர் கேட்கும். ஒண்ணாம் நம்பர் கால் வயரிங்கும் வேற. பயாஸையும் புதுசா செட் பண்ணணும். இல்லேன்னா வால்வுக்குள்ள பிளேட் செவசெவன்னு பழுத்துடும். பழுத்தா உடனே ஆஃப் பண்ணிடணும்."

டிரான்ஸ்ஃபார்மரை ரீவைண்ட் பண்ணி, சரியான 6வி6 ஜோடி கிடைக்க மூணு மாசம் ஆனது. அதுவரை அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆம்ப்ளிஃபயர் இருந்த காலி ஸ்டூலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்வார். திட்டியிருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு வால்வு செட் இருக்கிறதா? கடைக்காரரிடம் "உட்காருமா?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு சாப்பிடும்?" என்று கேளுங்கள்!