மழைக்கு முன் வைப்பரைக் கவனியுங்கள்!

ஐப்பசி அடைமழையில் மாட்டிக்கொண்ட பிறகுதான், காரில் வைப்பர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவுக்கு வரும். ஸ்விட்ச்சைப் போட்டால் கண்ணாடி கோடு கோடாகிவிடும். இரவில் எதிரே லாரி வெளிச்சமும் பட்டால் சாலையே தெரியாது.

பெரும்பாலும் வெயில்தான் காரணம். கோடை முழுக்க வெளியில் நின்ற காரில், பிளேடு ரப்பர் இறுகி விளிம்பு வெடித்திருக்கும். முதலில் ஈரத்துணியால் ரப்பரைத் துடையுங்கள். கரி போல அழுக்கு வரும். அப்புறமும் கோடு விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். பல கார்களில் இரண்டு பிளேடுகளும் ஒரே நீளம் இல்லை. அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

புது பிளேடும் தத்தித் தத்திப் போகிறதா? கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு தண்ணீரில் கலந்து கழுவிவிடுங்கள். ரப்பரில் டீசல், மண்ணெண்ணெய் தடவும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

மோட்டார் சத்தம் கேட்டும் வைப்பர் அசையவில்லையா? அடியில் மூடிக்குள் இருக்கும் நட் தளர்ந்திருக்கலாம். ஸ்விட்ச்சை அணைத்து, வைப்பர் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வைத்து இறுக்குங்கள். சத்தமே இல்லையென்றால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஃப்யூஸைப் பாருங்கள்.

பிளேடைக் கழற்றும்போது கண்ணாடிமேல் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். ஸ்பிரிங் இழுத்து, வெறும் இரும்புக் கம்பி கண்ணாடியில் அடித்தால், சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.