கலரைப் பார்த்துப் பெயர் வைக்கலாமா?

காய்ந்த சருகைக் கிளறினால் இரண்டு மில்லிமீட்டரில் ஆரஞ்சு நிறமாய் ஒன்று ஓடும். உடனே மொபைலில் ஒரு க்ளிக். செயலி ஏதோ ஒரு பெயர் சொல்லும். அதையே பட்டியலில் ஏற்றிவிட்டு அடுத்த சருகுக்குப் போய்விடுகிறார்கள். இது அடையாளம் காண்பதா, ஜோசியமா?

உள்ளங்கை அகலத்துக்குக் காலை விரித்துத் தொங்கும் ராட்சத மரச் சிலந்தியைப் படத்திலேயே சொல்லிவிடலாம், சரி. சருகுச் சிலந்தி விஷயம் வேறு. முதலில் கண்களை எண்ண வேண்டும். எட்டு என்று பள்ளியில் படித்ததை மறந்துவிடுங்கள். ஊனோபிடே குடும்பத்தில் பெரும்பாலும் ஆறுதான். இலங்கையிலிருந்து கிடைத்ததை வைத்து 1873-ல் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் விவரித்த டெட்ராபிளெம்மாவுக்கோ நாலே நாலு! ஊனோபிடேயில் பலவற்றுக்கும் இதற்கும் வயிற்றில் கவசம்போலக் கெட்டித் தகடு உண்டு. நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வயிற்றின் பக்கவாட்டிலும் பட்டை பட்டையாய்ச் சின்னத் தகடுகள் இருந்தால் டெட்ராபிளெம்மாவின் கூட்டம். மொபைல் படத்தில் இதில் பாதிகூடத் தெரியாது.

குடும்பம் கண்டுபிடிக்கவே இந்தப் பாடு. இனம் என்று வந்தால், ஆணின் வாயோரம் இருக்கும் இரண்டு குட்டிக் கைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். விந்தை ஏந்திச் செல்லும் குமிழ் அங்கேதான் இருக்கிறது. அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். ஊனோபிடே பெண்களில் வெளியே அநேகமாக ஒன்றும் தெரியாது, வயிற்றைத் திறக்க வேண்டும். குஞ்சாக இருந்தால் நிபுணரே கையை விரித்துவிடுவார். நிறமோ ஆல்கஹாலில் போட்டால் வெளுத்துப்போகிற சமாச்சாரம். நார்மன் பிளாட்னிக் தலைமையில் நடந்த ஊனோபிடே ஆய்வில் நூற்றுக்கணக்கான புது இனங்கள் வெளிவந்தது இப்படி உட்கார்ந்து பார்த்ததால்தான்.

"அதுக்காகக் கொல்லணுமா?" நியாயமான கேள்வி. மனசில்லையென்றால் விட்டுவிடுங்கள், 'ஊனோபிடே' என்று எழுதி அங்கேயே நிறுத்துங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. கொல்லவும் மாட்டேன், இனப்பெயரும் சொல்வேன் என்றால் எப்படி? சருகைப் புனலில் கொட்டி மேலே பல்பை எரியவிட்டால், சூடு தாங்காமல் இறங்கிக் கீழே ஆல்கஹால் குப்பியில் விழும். சில உயிர் போகும், உண்மைதான். ஆனால் ஐம்பது வருஷம் கழித்தும் யாரும் அந்தக் குப்பியை எடுத்துச் சரிபார்க்கலாம்.

தப்பான பெயரை யார் சரிபார்ப்பார்கள்? ஒரே ஒரு காட்டில் மட்டும் வாழ்கிற, இன்னும் பெயரே வைக்காத சிலந்தி, எங்கும் கிடைக்கிற ஏதோ ஒன்றின் பெயரில் பட்டியலேறிவிடும். நாளைக்கு அந்தக் காட்டில் ரோடு போட வருகிறவர்கள் பட்டியலைப் புரட்டுவார்கள். விசேஷமாக ஒன்றுமில்லை என்றிருக்கும். ரோடு வந்துவிடும்.